நம்பிக்கைகளும் உண்மைகளும்: கிளம்பாத ராக்கெட்டும் கிளம்பிய பேச்சுகளும்

2019 ஜூலை 15, அதிகாலை 2.51 மணிக்கு சந்திரயான்-2 கிளம்ப வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் மாடத்தில் பெரும் கூட்டம் தூக்கத்தை விட்டுக் காத்திருந்தது. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தும் வந்திருந்தார். இன்னும் 56 நிமிடம் 24 விநாடி இருக்கையில் கவுண்ட்டவுன் கடிகாரம் நின்றது. தொழில்நுட்பக் கோளாறு, முன்னெச்சரிக்கையாக இன்றைய ஏவுதல் கைவிடப்படுகிறது என்று இஸ்ரோ இரண்டே வரியில் அறிவித்தது. 'நல்லவேளை, மேலே போகும் முன்பே தெரிஞ்சு போச்சே' என்று நிம்மதி அடைந்தவர்கள் பலர். 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்' என்று கேலியில் இறங்கியவர்களும் பலர். அன்று கிளம்பிய பேச்சுகள், ஒவ்வொரு முறை ராக்கெட் தள்ளிப்போகும்போதும் திரும்பி வருகின்றன. பெரும்பாலானவை விவரம் தெரியாமல் சொல்பவை. ஒன்று மட்டும் ஆபத்தானது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

'கடைசி நேரத்தில்தானா கண்ணுக்குத் தெரியும்? முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?'

நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் சந்திரயான்-2-ஐச் சுமந்த ராக்கெட்டின் மேல் அடுக்கு கிரையோஜெனிக் வகை. அதில் நிரப்புவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜன். இரண்டும் கொஞ்சம் சூடு பட்டாலே ஆவியாகிவிடும். அதனால் ஒரு வாரம் முன்பே நிரப்பி வைத்துவிட்டுச் சோதிக்க வழியில்லை. கடைசி சில மணி நேரத்தில்தான் நிரப்புவார்கள். அந்தக் குளிர் இறங்கும்போது உலோகம் சுருங்கும். குழாய் இணைப்பு, வால்வு, சீல் எல்லாம் இறுக்கமோ தளர்வோ அடையும். சாதாரண வெப்பத்தில் நூறு முறை சோதித்தும் தென்படாத கசிவு, குளிரும் அழுத்தமும் சேர்ந்த பிறகு தலைகாட்டலாம். அன்றிரவு ஹைட்ரஜன் நிரப்பி முடித்த பிறகுதான் கோளாறு பிடிபட்டது. இத்தகைய கோளாறு பிடிபடக்கூடிய நேரமே அதுதான்.

'சரி, கண்டுபிடித்தாயிற்று, அங்கேயே சரிசெய்ய வேண்டியதுதானே' என்பார்கள். ஹைட்ரஜன் நிரம்பிய ராக்கெட்டின் பக்கத்தில் ஆள் போக முடியாது. எரிபொருளை வடித்து, தொட்டியைப் பழைய வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே கை வைக்க முடியும். அதற்கெல்லாம் சேர்த்து ஒரு வாரம்தான் ஆனது. ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்கு ராக்கெட் கிளம்பி, வேலையைக் கச்சிதமாக முடித்தது. நிலவைச் சுற்றும் நாட்களைக் குறைத்து, மொத்தப் பயணத்தை 54 நாளிலிருந்து 48 நாளாகச் சுருக்கினார்கள். அதனால் தரையிறங்கும் தேதி பெரிதாகத் தள்ளிப்போகவில்லை, செப்டம்பர் 7 என்று குறித்தார்கள்.

அந்த செப்டம்பர் 7-ல் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் விழுந்து நொறுங்கியதும், 'அன்றைக்கே தடங்கல் ஆனதே, அபசகுனம்' என்றவர்கள் உண்டு. லேண்டர் விழுந்ததற்குக் காரணம் வேறு. வேகம் குறைக்கும் கட்டத்தில் அதன் என்ஜின்கள் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போக, கட்டுப்படுத்தும் மென்பொருளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜூலையில் ராக்கெட்டில் வந்த கோளாறுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

'தள்ளிப்போனாலே ராக்கெட் சரியில்லை என்று அர்த்தம்.'

செவ்வாய்க்குப் போன மங்கள்யான் 2013 அக்டோபர் 28-ல் கிளம்ப வேண்டியது. ராக்கெட்டில் குறையில்லை. அதன் பாதையைக் கவனிக்க பசிபிக் கடலில் நிற்க வேண்டிய கப்பல், மோசமான வானிலையால் ஃபிஜி பக்கம் போய்ச் சேரத் தாமதமானது. அதற்காக நவம்பர் 5 வரை காத்திருந்தார்கள். 2024 டிசம்பர் 4-ல் பிஎஸ்எல்வி-சி59 நின்றதற்குக் காரணம், அது சுமந்த ஐரோப்பிய செயற்கைக்கோளான புரோபா-3-ல் தெரிந்த குறை. மறுநாளே கிளம்பிவிட்டது.

'நல்ல நேரம் பார்த்துத்தான் மாற்றுகிறார்கள்' என்ற பேச்சு நம்மிடையே ரொம்பப் பிரபலம். ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் திருப்பதி போவது உண்மை. அது அவரவர் பக்தி. நேரத்தைக் குறிப்பது வேறு கணக்கு. 2024 டிசம்பர் 30-ல் ஸ்பேடெக்ஸ் ஏவுதல் இரவு 9.58-லிருந்து 10.00 மணிக்கு மாறியது. அதே பாதையில் வேறு செயற்கைக்கோள் நெருங்கி வரும் என்று கணக்கு காட்டியதால்தான் அந்த இரண்டு நிமிடம். சந்திரயான்-3 கூட இப்படி மோதலைத் தவிர்க்க 4 விநாடி தள்ளிக் கிளம்பியது. எந்தப் பஞ்சாங்கத்தில் 4 விநாடி நல்ல நேரம் இருக்கிறது?

இதைவிடத் தெளிவான சான்று 2023 அக்டோபர் 21. ககன்யானுக்கான முதல் சோதனை ராக்கெட் காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியது, 8.45 ஆனது. ஐந்து, நான்கு என்று எண்ண வேண்டிய இடத்தில், சரியாக 5 விநாடி இருக்கையில் கணினியே ஏவுதலை நிறுத்தியது. கூட்டம் உறைந்து போனது. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் மைக்கில் வந்து, என்ஜின் முறைப்படி பற்றவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அது கண்காணிப்பு ஏற்பாட்டில் வந்த குறை. சரிசெய்து காலை 10 மணிக்கு ஏவினார்கள். அன்று சனிக்கிழமை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள், சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30. நட்டநடு ராகு காலத்தில் கிளம்பிய அந்த ராக்கெட்டிலிருந்து, வீரர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு திட்டமிட்டபடி பிரிந்து, கலம் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது.

'வெளிநாட்டுக்காரன் இப்படிச் செய்வானா?' செய்வான். நாசாவின் ஆர்ட்டெமிஸ்-1, 2022 ஆகஸ்ட் 29-லும் செப்டம்பர் 3-லும் நின்று, நவம்பர் 16-ல்தான் கிளம்பியது. நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் போன பயணம் வானிலையால், ஃபால்கன்-9 ராக்கெட்டின் திரவ ஆக்சிஜன் கசிவால், பிறகு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த கசிவுக் கவலையால் மாறி மாறித் தள்ளிப்போனது.

'எத்தனை கோடி வீண்!' என்ற அங்கலாய்ப்புக்கு ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட்டின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 2010-ல் ஒரே ஆண்டில் இரண்டு ஜிஎஸ்எல்வி தோற்றிருந்தன. இந்தியாவே செய்த கிரையோஜெனிக் என்ஜின் இன்னும் ஒருமுறைகூட வெற்றி காணவில்லை. அந்த நிலையில் 2013 ஆகஸ்ட் 19 அன்று, கிளம்ப 74 நிமிடம் இருக்கையில் இரண்டாம் அடுக்கிலிருந்து எரிபொருள் ஒழுகத் தொடங்கியது. சுமார் 750 கிலோ கொட்டியது. ராக்கெட்டைக் கட்டுமானக் கூடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். தொட்டியின் உலோகக் கலவையிலேயே காலப்போக்கில் விரிசல் விடும் குணம் இருப்பது தெரிந்தது. வேறு கலவையில் புதுத் தொட்டி செய்தார்கள். பக்கவாட்டில் இருந்த நான்கு பூஸ்டர்களையும் மாற்றினார்கள். 2014 ஜனவரி 5-ல் அது வென்றது. நம் கிரையோஜெனிக் என்ஜினின் முதல் வெற்றி அதுதான். திட்டத்தை நடத்தியவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான கே. சிவன். சந்திரயான்-2 நின்ற இரவில் இஸ்ரோ தலைவராக இருந்தவரும் அவரே. அன்று கசிவு தெரியாமல் ஏவியிருந்தால் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் சேர்ந்தே போயிருக்கும். அந்த இழப்போடு ஒப்பிட்டால் இந்த ஐந்து மாதச் செலவு ஒன்றுமே இல்லை.

இனி அந்த ஆபத்தான நம்பிக்கை: 'கேலி பேசினால் என்ன குடியா முழுகிவிடும்?'

அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் 1986 ஜனவரியில் பலமுறை தள்ளிப்போனது. ஜனவரி 27-ல் கதவின் கைப்பிடி போல்ட் ஒன்று கழலவில்லை. ரம்பத்தால் அறுத்து எடுப்பதற்குள் காற்று பலத்துவிட்டது. அன்று மாலைத் தொலைக்காட்சிச் செய்தி, இதை ஊர் சிரிக்கும் அவமானமாகச் சொன்னது. அதே இரவில், பூஸ்டர் செய்த தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசியில் மன்றாடினார்கள்: சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம், குளிரில் பூஸ்டர் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் இறுகி வாயுவை அடைக்காமல் விட்டுவிடும் என்றார்கள். நாசா அதிகாரிகள் ஒப்பவில்லை. நிறுவன மேலாளர்கள் தங்கள் பொறியாளர்களை ஒதுக்கிவிட்டுச் சம்மதம் தந்தார்கள். மறுநாள் காலை ஏவுதளத்தில் சுமார் 2 டிகிரி. 73 விநாடியில் ஓடம் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

கேலிதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் தவறக் கூடாது என்ற நெருக்கடி அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்ததை ரோஜர்ஸ் விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. நிறுத்துவது வெட்கக்கேடு என்று ஊர் பேசப் பேச, 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டியவரின் குரல் எடுபடாமல் போகும். ஸ்ரீஹரிகோட்டாவில் நாட்டின் முதல் குடிமகன் வந்து உட்கார்ந்திருந்தும் அந்தக் குரல் எடுபட்டது. அதற்காக இஸ்ரோவை மனதாரப் பாராட்ட வேண்டும்.

சேலஞ்சருக்குப் பிறகு அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் எல்லாம் நின்றுபோயின. பூஸ்டர் இணைப்பை மாற்றி வடிவமைத்து, மூன்றாவதாக ஒரு ரப்பர் வளையமும், குளிர் அண்டாமல் இருக்க ஒரு ஹீட்டரும் சேர்த்தார்கள். அடுத்த ஓடமான டிஸ்கவரி கிளம்பியது 1988 செப்டம்பர் 29-ல்தான்.