பச்சைத் தேயிலையும் நம்ம வீட்டுத் தேத்தண்ணியும்



கடைகளில் ‘கிறீன் டீ’ என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். “அதைக் குடிச்சா நோய் வராதாமே, நாமளும் வாங்கணுமா?” என்ற கேள்வி லயங்களிலும் எழுகிறது. அதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

செடி ஒன்றுதான்

பச்சைத் தேயிலைக்கு வேறு செடி கிடையாது. நாம் பறிக்கும் அதே கொழுந்துதான். வழக்கமான தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, அரைத்து, செம்பு நிறம் வரும்வரை காற்றுப்பட வைத்து, பிறகு உலர்த்துகிறார்கள். பச்சைத் தேயிலைக்கோ, கொழுந்தை முதலிலேயே நீராவியில் அல்லது சூடான சட்டியில் காட்டிவிடுவார்கள். அதனால் நிறம் மாறுவது நின்றுவிடும்.

நன்மை எவ்வளவு?

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணம் பொலிபினோல் என்ற பொருள். பச்சைத் தேயிலை இரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பைச் சிறிதளவு குறைக்க உதவும். ஆனால் அது மருந்தல்ல. அதை நம்பி நீரிழிவு, பிரஷர் குளிசைகளை நிறுத்தவே கூடாது. நம்ம வெறுந்தேத்தண்ணியிலும் பொலிபினோல் வேறு வடிவில் இருக்கிறது. ஆகவே அதிகக் காசு கொடுத்துப் பெட்டி வாங்கத் தேவையில்லை.

சீனியைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 தேக்கரண்டிக்குள் சீனி இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கோப்பைக்கு 2 கரண்டி போட்டு 5 தடவை குடிச்சா, 10 கரண்டி ஆகிவிடும்!

சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம்

இதுதான் முக்கியம். ரொட்டி, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. பச்சைத் தேயிலையும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தச் சோகை வரும். மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண்ணின் கீழ் இமை உட்புறம் வெளிறிப் போகும். “வேலைக் களைப்புதானே” என்று பெண்கள் பலர் இதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். கர்ப்பிணித் தாய்க்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் இது ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை

1. காலையில் எழும்பி அடுப்பு மூட்டியதும் தேத்தண்ணி குடியுங்கள். பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சாப்பிடும்போது தண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் 1 மணி நேரமாவது இருக்கட்டும்.

2. கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். கொய்யா, நெல்லிக்காயும் நல்லது. இவை இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். கிடைக்கும்போது நெத்தலியும் சேருங்கள்.

3. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தண்ணீரோடு குடியுங்கள்.

4. 6 மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பிறகும் சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுத்துப் பழக்காதீர்கள். பசி அடங்கின மாதிரி இருக்கும், ஆனால் சத்து சேராது.

5. மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் தோட்டத்து மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

நம்ம வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி சீனி போகிறது? யார் யார் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிறோம்? நாளையிலிருந்து எந்த நேரத்துக்கு அதை மாற்றலாம்?

நாம் பறிக்கும் கொழுந்து நமக்கும் நன்மை தரட்டும். நேரம் பார்த்துக் குடிப்போம்.