முந்தியவர் யார்?
நூறு மீற்றர் ஓட்டத்தின் முடிவு பற்றிய ஓர் ஆய்வு

மெய்வல்லுநர்ப் போட்டிகளுள் மிகச் சுருங்கிய காலத்தில் முடிவதும், மிகப் பெருங் கூட்டத்தை எழுந்து நிற்கச் செய்வதும் ஆடவர் நூறு மீற்றர் ஓட்டமேயாகும். நீளம் பாய்தலில் அளவு நாடா உண்டு. உயரம் பாய்தலில் குறுக்குத்தடி நின்றதா விழுந்ததா என்பதை யாவருங் காண்பர். குறுந்தூர ஓட்டத்திலோ, முந்தியவர் யார் என்னும் எளிய வினாவுக்கு விடை கூறுதல் பல வேளைகளில் மிக அரிதாகிவிடுகின்றது. ஓடியவர்க்கே அது தெரியாமற் போவதுண்டு. ஒலிம்பிக் விழாக்களில் நிகழ்ந்த சில ஓட்டங்களைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1952 ஆம் ஆண்டில் பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் நடைபெற்ற விழாவை முதலில் எடுத்துக்கொள்வோம். (யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் அவர்கள் உயரம் பாய்தலில் நம் நாட்டின் சார்பிற் பங்குபற்றியதும் இவ்விழாவிலேதான் என்பதை இளைய மாணவர் அறிந்திருத்தல் நன்று.) நூறு மீற்றர் இறுதி ஓட்டத்தில் அறுவர் நின்றனர். அவர்களுள் அமெரிக்கராகிய லின்டி ரெமிஜினோ அதிகம் பேசப்படாத ஒரு கல்லூரி மாணவர். யமேக்காவின் ஹேர்ப் மக்கென்லியோ நானூறு மீற்றரில் உலகப் புகழ் பெற்றவர். நூறு மீற்றர் அவருக்கு ஒரு துணைப்பாடம் போன்றதே. ரெமிஜினோ முன்னே சென்றார்; ஆயினும் கோட்டை நெருங்குகையில், உரிய கணத்துக்கு முன்னரே மார்பை முன்தள்ளிச் சாய்ந்துவிட்டார். பின்னே வந்த மக்கென்லி ஒவ்வோர் அடியிலும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். கோட்டில் இருவரும் ஒன்றாயினர். ஓட்டம் முடிந்ததும் ரெமிஜினோ செய்த முதற் காரியம் யாதெனில், மக்கென்லியை அணுகி அவர்தம் வெற்றிக்கு வாழ்த்துக் கூறியமையே! முடிவுப் படம் ஆராயப்பட்டபின்பே வென்றவர் தாமென்பதை அவர் அறிந்தார்.

நிறுத்தற் கடிகாரங்கள் அன்று என்ன கூறின? ரெமிஜினோ, மக்கென்லி, பிரித்தானியாவின் மக்டொனால்ட் பெய்லி, அமெரிக்காவின் டீன் சிமித் ஆகிய நால்வருக்கும் 10.4 செக்கன் என்றே கூறின. முதலாமவருக்கும் நான்காமவருக்கும் ஒரே நேரம்! மின்கருவியின் பதிவைக் கொண்டு நோக்கின் ரெமிஜினோ 10.79, மக்கென்லி 10.80. மக்கென்லி அவ்விழாவில் நானூறு மீற்றரிலும் இரண்டாம் இடமே பெற்றார். 1948 இலும் அதே ஓட்டத்தில் அதே இடம். தனி ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் அவருக்கு எக்காலத்துங் கிட்டவில்லை. நானூறு மீற்றர் அஞ்சலோட்டத்திற் கிடைத்த தங்கமே அவருக்குரியதாயிற்று. செக்கனில் நூறில் ஒரு பங்கு என்பதை எண்ணளவில் வாசித்துவிட்டு அப்பாற் செல்லலாகாது. ஒரு மனிதனின் வாழ்நாள் முயற்சி அதற்குள் அடங்கிக் கிடக்கலாம்.

கண் ஏன் தவறுகின்றது? உலக வீரன் ஒருவன் முழு வேகத்தில் செக்கனுக்குப் பதினொரு மீற்றருக்குக் குறையாமற் செல்கின்றான். ஆகவே செக்கனில் பத்தில் ஒரு பங்கில் ஒரு மீற்றருக்கு மேலும், நூறில் ஒரு பங்கில் ஏறக்குறையப் பதினொரு சென்ரிமீற்றரும் கடக்கின்றான். நம் முன்னோர் இமைப்பொழுது என்று கூறிய காலத்துள் அவன் கோட்டுக்கு இப்புறத்திலிருந்து அப்புறத்துக்குப் போய்விடுகின்றான். அன்றியும், நடுவர் முடிவுக் கோட்டுக்கு நேராக நில்லாது ஒரு முழம் விலகி நின்றாலும், அருகிலுள்ள சுவட்டில் ஓடுபவனையும் தொலைவிலுள்ள சுவட்டில் ஓடுபவனையும் ஒரே நீதியாற் காண அவரால் இயலாது. நடுவர்க்குக் கோட்டின் நேரே படிமேடை அமைக்கும் வழக்கம் இதனாலேயே வந்தது.

இதனைப் பட்டறிந்தே எழுதுகின்றோம். பல்லாண்டுகளுக்கு முன்னர் இல்லப் போட்டியொன்றில் நாம் முடிவு நடுவராய் நின்றோம். கம்பளி நூலைக் கண்ணுற்று நின்ற நாம், அந்நூல் அறுந்த கணத்தில் எவன் மார்பருகே அது தொங்கியதோ அவனை முதல்வனென அறிவித்தோம். அம்மாணவன் கையை நீட்டி நூலைப் பற்றியிருந்தான் என்பதையும், அடுத்த சுவட்டில் வந்தவனின் மார்பு அதற்கு முன்னரே கோட்டைத் தாண்டிவிட்டது என்பதையும் அன்று மாலை பலர் வாயிலாகக் கேட்டறிந்தோம். தீர்ப்பை மாற்றினோமல்லோம். இரண்டாமிடம் பெற்ற மாணவன் எம்மிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுவே இன்றளவும் எமக்கு உறுத்தலாயுள்ளது.

நூல் ஒரு சான்றே, விதியன்று. விதியோ உடம்பின் எப்பகுதி கோட்டை அடைதல் வேண்டும் என்பதைப் பற்றியது. தலை, கழுத்து, கை, கால் என்பன கணக்கில் இல்லை. முண்டம் மாத்திரமே கணக்கிற்குரியது. அம்முண்டத்தின் எப்பகுதியேனும் கோட்டின் முன்விளிம்பை எட்டிய கணமே ஓட்டம் முடிந்த கணம் என்பது இக்கால விதி. முன்னர் இவ்வாறு இருக்கவில்லை. 1932 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில், முண்டம் முழுவதும் கோட்டைக் கடந்து முடிதல் வேண்டும் என்பதே கொள்கை. இரு விதிகளுக்கும் உள்ள வேற்றுமை சிறிதெனத் தோன்றும். முன்னே நன்கு சாய்ந்து வருபவனின் மார்பு கோட்டை முதலில் எட்டும். ஆனால் இடுப்பு பின்தங்கி நிற்கும். நிமிர்ந்து வருபவனின் மார்பு பிந்தி எட்டினும் உடம்பு முழுவதும் விரைந்து கடந்துவிடும். ஆகவே ஒரே ஓட்டத்தில் ஒரு விதி ஒருவனையும், மற்ற விதி மற்றவனையும் முதல்வனாக்குதல் கூடும்.

லொஸ் ஏஞ்சலிசில் அவ்வாறான ஓர் இடர்ப்பாடே நேர்ந்தது. எடி டோலன், றால்ப் மெற்காப் என்னும் இரு கறுப்பின அமெரிக்க இளைஞர் கோட்டை ஒருசேர அடைந்தனர். டோலன் குள்ளமானவர், மூக்குக்கண்ணாடி விழாதபடி தலையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு ஓடியவர். மெற்காப் நெடிய, வலிய உடம்பினர்; ஓட்டத்தின் பிற்பாதியில் எவரையும் எட்டிப் பிடிக்க வல்லவர். இருவருக்கும் 10.3 செக்கன். கேர்பி என்பார் அமைத்த புகைப்படக் கருவியொன்று செக்கனுக்கு 128 படம் வீதம் எடுத்துக்கொண்டிருந்தது. அதன்படி கணித்த நேரமும் இருவருக்கும் 10.38 என ஒன்றாகவே இருந்தது. எனினும் டோலனே முதல்வர் எனத் தீர்ப்பாயிற்று. மெற்காப் அத்தீர்ப்பை மனத்தால் ஒருபோதும் ஏற்றாரல்லர். இன்றைய விதியைக் கொண்டு அளப்பின் அவ்விருவரையும் பிரித்தல் அரிது என்பதே எமது கருத்து. 1936 இல் பேர்லினில் அவர் மீண்டும் இரண்டாமிடம் பெற்றார். இம்முறை முன்னே சென்றவர் ஜெசி ஓவென்ஸ். அதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. பிற்காலத்தில் மெற்காப் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை உறுப்பினராய் விளங்கினார்.

இனி, கடிகாரத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். நேரக் கணிப்பாளர் முடிவுக் கோட்டருகே நிற்கின்றனர். துப்பாக்கியோ நூறு மீற்றர் தொலைவில் வெடிக்கின்றது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாகலின், ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்துபவர் செக்கனில் பத்தில் மூன்று பங்களவு தாமதிக்கின்றார். இதனாலேயே புகையைக் கண்டு அழுத்துக என்று விதித்தனர். அப்பொழுதுங்கூடப் புகையைக் கண்ட கண்ணுக்கும் அழுத்தும் பெருவிரலுக்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. முடிவிலோ ஓடிவருபவனை முன்னரே கண்டு ஆயத்தமாயிருத்தலால் அத்தகைய தாமதம் இல்லை. ஆகவே கையாற் கணித்த நேரம் எப்பொழுதும் உண்மை நேரத்தினுங் குறைந்தே வரும். ஒப்பிடும்பொழுது 0.24 செக்கன் கூட்டிக்கொள்ளல் வழக்கம்.

நூறு யார் ஓட்டத்தைப் பத்துச் செக்கனில் ஓடியதாக மொழியும் பழைய மாணவர் எந்தக் கல்லூரியிலும் உளர். அவர்மீது எமக்கு மதிப்புண்டு. ஆயினும் நூறு யார் என்பது 91.44 மீற்றரே, எஞ்சிய தூரத்துக்கு ஏறக்குறைய 0.9 செக்கனும், கைப்பிழைக்கு 0.24 செக்கனும் கூட்டின், அந்தப் பத்து 11.1 ஆகிவிடும். அதுவும் நல்ல ஓட்டமே.

1960 இல் உரோமாபுரியில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் ஜேர்மனியரான ஆர்மின் ஹாரிக்கும் அமெரிக்கரான டேவ் சிம்முக்கும் இடையே நிகழ்ந்த ஓட்டம் கடிகாரத்தின் எல்லையை நன்கு காட்டுகின்றது. ஹாரி வேட்டொலியோடு எழுவதில் இணையற்றவர். அவ்வாண்டு யூன் மாதம் சூரிச்சில் 10.0 செக்கனில் ஓடி உலகச் சாதனை படைத்திருந்தார். உரோமாபுரியிலும் அவரே முன்னே பாய்ந்தார். சிம் இறுதியில் விரைந்து வந்து, கோட்டின்மேல் தம்மை வீசியெறிந்து, நிலை தவறி வீழ்ந்தார். இருவருக்கும் 10.2 என்றே அறிவிக்கப்பட்டது. மின்பதிவோ 10.32, 10.35 என வேறுபடுத்திக் காட்டிற்று. 1928 இல் கனடாவின் பேர்சி வில்லியம்ஸ் வென்றபின், அமெரிக்கரல்லாத ஒருவர் இவ்வோட்டத்தில் தங்கம் பெற்றது அன்றே. கண்ணாற் பிரித்தற்கரிய ஓட்டத்திற் தோல்வியுற்ற சிம், பின்னாளிற் கண் மருத்துவரானார் என்பது வியப்பிற்குரியது.

1968 இல் மெக்சிக்கோ நகரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 செக்கனில் ஓடினார். மின்கருவியின் கணிப்பிற் பத்துச் செக்கனுக்குக் கீழே சென்றவருள் அவரே முதல்வர். 1977 தொடக்கம், குறுந்தூர ஓட்டங்களில் மின்கருவி கணித்த நேரங்களே உலகச் சாதனையாக ஏற்கப்படலாயின.

முடிவுப் படம் சாதாரணப் புகைப்படம் போன்றதன்று என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். கருவியின் முன்னே மிக ஒடுங்கிய பிளவொன்று உண்டு. அது முடிவுக் கோட்டை மாத்திரமே காணும், வேறெதனையுங் காணாது. அக்கோட்டில் கணந்தோறும் உள்ளதை மெல்லிய கீற்றாகப் பதிந்து, கீற்றுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும். ஆகவே அப்படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்வது தூரமன்று, காலமாகும். கோட்டின்மேல் ஊன்றிய பாதம் அங்கே சிறிது தங்குவதனால் படத்தில் விகாரமாய் நீண்டு காணப்படும். அதனைக் கண்டு நகைத்த மாணவர்க்கு இதுவே விடை. ஒவ்வொருவர் முண்டத்தின் முன்விளிம்பிலும் செங்குத்தாக ஒரு கோடிட்டு நேரத்தை வாசிப்பர். முற்காலத்தில் படச்சுருளைக் கழுவும்வரை காத்திருந்தனர். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற் பயன்பட்ட கருவி செக்கனுக்கு 40,000 கீற்றுக்களைப் பதிந்தது.

அந்தப் பாரிஸ் ஓட்டத்தில் அத்தனை நுண்மையும் வேண்டியதாயிற்று. ஆகஸ்ற் 4 ஆம் திகதி இறுதி ஓட்டத்தில் நின்ற எண்மரும் பத்துச் செக்கனுக்குள் ஓடினர். எட்டாமவரின் நேரம் 9.91. யமேக்காவின் கிஷேன் தொம்சன் முன்னே செல்ல, அமெரிக்காவின் நோவா லைல்ஸ் மெல்லத் தொடங்கிப் பின்னர் எட்டிப் பிடித்தார். பலகையில் இருவருக்கும் 9.79. செக்கனை ஆயிரமாகப் பகுத்தபோது லைல்ஸ் 9.784, தொம்சன் 9.789. தூரத்தில் ஏறக்குறைய மூன்று விரற்கடை! படத்தை நோக்குவோர், தொம்சனின் பாதம் முந்திக் கோட்டைக் கடந்திருக்கக் காண்பர். லைல்சின் முண்டமே முந்தியது. முடிவு வெளிவருமுன் லைல்ஸ் தொம்சனிடம், நீரே வென்றீர் என எண்ணுகிறேன் என்னும் கருத்துப்படக் கூறினார். எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னும் ரெமிஜினோவின் கதையே மீண்டும் நிகழ்ந்தது. இம்முறையும் இரண்டாமிடம் பெற்றவர் யமேக்கரே.

தொடக்கத்திலும் இத்தகைய நீதி வேண்டப்படுகின்றது. ஒவ்வொரு சுவடும் 1.22 மீற்றர் அகலமாதலால், முதலாஞ் சுவட்டருகே வெடிக்கும் துப்பாக்கியின் ஒலி எட்டாஞ் சுவட்டை அடைவதற்குள் 0.025 செக்கன் கழிந்துவிடும். பாரிசில் லைல்சையும் தொம்சனையும் பிரித்த அளவைப்போல் இது ஐந்து மடங்கு! எனவேதான் ஒவ்வொரு தொடக்கக் கட்டையின் பின்னும் ஒலிபெருக்கி வைக்கின்றனர். கட்டையில் அழுத்தத்தை அளக்குங் கருவியும் உண்டு. வேட்டுக்குப் பின் 0.100 செக்கனுக்குள் எழுபவன், ஒலியைக் கேட்டு எழவில்லை, ஊகித்தே எழுந்தான் எனக் கொள்ளப்படுவான். 2011 இல் உலகச் சாதனையாளர் உசைன் போல்ற் வேட்டுக்கு முன்னரே எழுந்தமையால் உலகப் போட்டி இறுதியிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்கும் விலக்களிக்கவில்லை என்பது எமக்கு நிறைவளிக்கின்றது.

நம் நாட்டவர்க்கும் இந்நுண்ணளவில் ஒரு பங்கு உண்டு. 2022 யூலை 3 ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் யுபுன் அபேகோன் 9.96 செக்கனில் ஓடி, தென்னாசியரிற் பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல்வரானார். அடுத்த மாதம் பேர்மிங்காமில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவின் இறுதி ஓட்டத்தில் கென்யாவின் ஒமன்யாலா 10.02 செக்கனில் முதலாவதாக வந்தார். தென்னாபிரிக்காவின் சிம்பினே 10.13. அபேகோன் 10.14. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்தது ஆறு விரற்கடைக்கும் குறைவு. அதனைக் கண்டது பிளவினூடே நோக்கிய கருவி.