ரோகிணி ஆற்றின் கதை: பழங்கதையைப் புதிதாய்ச் சொல்வதேன்?

கேட்டறிந்த கதையையே மக்கள் மீண்டும் மீண்டும் சொல்லுகின்றனர். சொல்லுந்தோறும் சிறிது மாற்றியும் சொல்லுகின்றனர். இஃது ஏன்? மறதியாலன்று. காலந்தோறும் புதிய துன்பம் எழுகின்றது. அதற்கு விடை தேடுவோர் தாம் நன்கறிந்த கதையினிடமே முதலிற் சென்று வினவுகின்றனர். கோவலன் மகளைப் பசிப்பிணி போக்கும் பௌத்தத் துறவியாகப் பாடிய சாத்தனாரும் இவ்வழி நின்றவரே. பகவன் புத்தரின் துறவு வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சூத்திரம் துறவை எளிமையாகக் கூறுகின்றது: இளமைப் பருவத்தில், பெற்றோர் கண்ணீர் வடிக்க, அவர் இல்லம் நீங்கினார். கிழவர், நோயாளர், பிணம், துறவி எனும் நான்கு காட்சிகள் அங்கில்லை. தீக நிகாயத்தின் மகாபதான சூத்திரத்தில் அவை முற்காலப் புத்தராகிய விபஸ்ஸிக்கு உரியனவாக வருகின்றன. அசுவகோஷரின் புத்தசரிதம் முதலிய பிற்கால நூல்களில் அவை சித்தார்த்தருடைய வரலாறாகின்றன. மூப்பும் பிணியும் சாக்காடும் யாவர்க்கும் உரியன என்பதை உணர்த்த இதனினும் தெளிவான வடிவம் இல்லை.

1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் அண்ணல் அம்பேத்கர் வேறொரு வினாவை எழுப்பினார். இருபத்தொன்பது வயதுவரை ஒருவர் முதுமையையும் மரணத்தையும் காணாதிருத்தல் கூடுமோ? ஆகவே அவர் ரோகிணி ஆற்றின் கதையை முன்வைத்தார். அவ்வாற்று நீர் குறித்துச் சாக்கியரும் கோலியரும் பூசலிட்டனர். போர் வேண்டா, இரு தரப்பினின்றும் இருவர் இருவராக நால்வரைத் தெரிந்து, அந்நால்வர் ஐந்தாமவரைத் தெரிந்து, ஐவரும் வழக்கைத் தீர்க்கட்டும் என்றார் சித்தார்த்தர். சாக்கிய சங்கம் இணங்கவில்லை. அவர் நாடு நீங்கினார். பின்னர் அமைதி ஏற்பட்ட செய்தி எட்டியபோதும் அவர் திரும்பவில்லை. மக்கட் பிரிவுகளுக்கிடையே ஓயாது நிகழும் போராட்டத்துக்குத் தீர்வு காண விழைந்தார்.

ரோகிணிப் பூசலும் புதுவதன்று. தம்மபத உரையில் அது புத்தர் ஞானம் பெற்றபின் நிகழ்ந்ததாக வருகின்றது. வயலில் உழைப்போரிடையே மூண்ட வசைச்சொல் அரசர் செவிக்கு ஏறி, படையாய்த் திரண்டது. பூசலின் காரணத்தைப் பகவன் வினவியபோது தலைவர்கள் அறிந்திலர். இறுதியில் உழைப்பாளரே நீர் என்று விடையிறுத்தனர். நீரினும் மாந்தர் உயிர் விலையுயர்ந்தது என உணர்த்திப் பகவன் போரைத் தடுத்தார்.

ஓசூர்ச் சாலையிலுள்ள சந்தாபுராவில் வாழும் தமிழர்க்கு இக்கதை தொலைவிலுள்ளதோ? 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரி நீரின் பெயரால் பெங்களூரில் வன்முறை மூண்டது. எல்லை கடக்கப் பேருந்தின்றி மக்கள் நடந்தனர். 1990-இல் அமைந்த நடுவர் மன்றமும், 2018-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஐவர் குழுவின் வழியை நினைவூட்டுகின்றன. தீர்ப்பு நீரைப் பங்கிடும். நெஞ்சிலுள்ள பகையைப் போக்குவது நம் கடன். அண்டைவீட்டுக் கன்னடரும் நாமும் ஒரே குழாய்நீரைப் பருகுகின்றோம். ஆதலின் இக்கதையை நம் பிள்ளைகட்குச் சொல்லுங்கால் சாக்கியர் பக்கமோ கோலியர் பக்கமோ நின்று சொல்லலாகாது.

மாற்றிச் சொல்வதற்கும் எல்லையுண்டு. எவர் கூறினும் சூத்திரத்தோடும் விநயத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க என்பது பகவன் வகுத்த நெறி. பகையை வளர்க்கும் கதை எத்துணைப் பழையதாயினும் தம்மமாகாது. பகையைத் தணிப்பது புதிதாயினும் தள்ளத்தக்கதன்று.

பயிற்சி வினாக்கள்:
1. நான்கு காட்சிகளும் ரோகிணிப் பூசலும் எவ்வெத் துன்பங்களை முன்வைக்கின்றன?
2. பூசலின் காரணத்தைத் தலைவர்கள் அறியாதிருந்தமை நமக்கு உணர்த்துவது யாது?
3. இக்கதையைக் கன்னட அன்பர் ஒருவர்க்கு எங்ஙனம் கூறுவீர்?