முதல் வேலை: நம்மூர் உப்பளம்

விழுப்புரம் மாவட்டத்து அனுமந்தைப் பக்கத்துப் பிள்ளை யாராவது கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசைப்பட்டால், நிரலில் தொடங்க வேண்டாம். 2004-இல் பிறந்த, யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர் உப்பளம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் படத்தில் பாத்தி எது, வாய்க்கால் எது, வண்டி போகும் வரப்பு எது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் கையிலிருந்து மவுஸை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். சேமிக்கும்போது, திருத்தத்தைச் சரிபார்க்கக் கோரும் கட்டத்தில் டிக் போடட்டும். அன்றைக்கே பார்த்துப் பதில் எழுதுங்கள். பதிலே வராவிட்டால் புதியவர் திரும்ப வரத் தயங்குவார். பிழை இருந்தால் இடத்தை மட்டும் காட்டுங்கள், அவரே திருத்தட்டும். கூகுள் மேப்பைப் பார்த்து வரையக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கூகுளின் உரிமம் அதற்கு இடம் தராது. நேரில் கேட்டுக் கற்க, விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.