கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்: ஒரு மெட்டு, பல குரல்கள்



எல்விஸ் பிரெஸ்லி பாடிய ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’, 1961-இல் வெளியான ‘ப்ளூ ஹவாய்’ படப் பாடல். காதலியின் பாட்டிக்கு ஓர் இசைப்பெட்டியைப் பரிசளித்து, அதன் இசையோடு சேர்ந்து நாயகன் இதைப் பாடுகிறான். 1962-இல் பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் இரண்டாமிடத்தையும் பிடித்தது.

பாடலை எழுதிய ஹ்யூகோ பெரெட்டி, லூய்ஜி கிரியேட்டோர், ஜார்ஜ் டேவிட் வைஸ் மூவரும் மெட்டைப் புதிதாகப் போடவில்லை. பிரான்சில் வாழ்ந்த இசையமைப்பாளர் மார்ட்டினி, 1784-இல் அமைத்த ‘ப்ளெசிர் தமூர்’ என்ற பாடலே அதற்கு அடிப்படை. காதலின் இன்பம் கணநேரம், துயரமோ ஆயுள் முழுதும் என்று புலம்புகிறது பழைய பாட்டு. காதலில் விழுவதைத் தடுக்க என்னால் முடியவில்லை என்கிறது புதியது. மெட்டு ஒன்று, பொருள் நேரெதிர்.

மெட்டின் தொடக்கம் மிக எளிது. ஸட்ஜத்தில் தொடங்கி, பஞ்சமத்துக்குத் தாவி, காந்தாரத்துக்கு இறங்குகிறது. முதல் மூன்று சொற்களுக்கு இந்த மூன்று ஸ்வரங்கள்தான். புதிதாகப் பாடுபவருக்கும் கைவருவதால் இதைத் தொட்ட பாடகர் பலர்.

எல்விஸின் பதிவில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிகிறது. நம் கணக்கில் திஸ்ர நடை. அந்த நிதானமான ஊசலாட்டத்தால் பாட்டு தாலாட்டுபோல் ஒலிக்கிறது. 1970-களில் மேடை நிகழ்ச்சிகளை இதே பாட்டோடு முடிப்பது அவர் வழக்கம். 1977 ஜூன் 26-இல் இண்டியானாபொலிஸில் நடந்த கடைசி நிகழ்ச்சியும் அப்படியே முடிந்தது.

இப்பாட்டை மற்றவர்கள் மீண்டும் பாடிய ‘கவர்’ பதிவுகளில் பெரிய வெற்றி, பர்மிங்காமின் யூபி40 குழு 1993-இல் வெளியிட்டது. தொடக்க வரிகளை மெதுவாகப் பாடிவிட்டு, பிறகு ரெகே தாளத்துக்குள் நுழைகிறார்கள். நடை நான்காக மாறுகிறது. தட்டுகளுக்கு இடையே கிட்டார் வெட்டி ஒலிக்கிறது. தாலாட்டு ஆட்டப்பாட்டாகிவிட்டது. அமெரிக்காவில் அது 7 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அதற்கு முன்பே ஆண்டி வில்லியம்ஸும் ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவும் இதைப் பாடி பிரிட்டனில் வெற்றி கண்டிருந்தனர். பின்னாளில் ட்வென்டி ஒன் பைலட்ஸ் குழு உகுலேலியை மட்டும் வைத்துப் பாடியது. ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ (2018) படத்தின் திருமணக் காட்சியில் கீனா கிரானிஸின் மெல்லிய குரல் ஒலிக்கிறது.

ஆக, மெட்டும் வரிகளும் எலும்புக்கூடு. நடை, வேகம், வாத்தியம், குரல் ஆகியவையே ஒவ்வொரு பதிவுக்கும் உயிர். மூலத்தை அப்படியே நகலெடுப்பவரிடம் புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. எதை மாற்றினார், எதைத் தொடாமல் விட்டார் என்பதே ஒரு கவரை மதிப்பிடும் அளவுகோல். மார்ட்டினி, எல்விஸ், யூபி40 என்ற வரிசையில், தொடையில் தாளம் போட்டபடி மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.