நரம்பின் கவசமும் கொலஸ்திரோலும்

மாணவர்களே, வாப்பாவுக்குக் கொலஸ்திரோல் கூடினால் வீட்டில் மாட்டிறைச்சியைக் குறைப்பார்கள். இதனால் கொலஸ்திரோல் முற்றிலும் தீயது என எழுதிவிடாதீர்கள்.

மூளையின் நிறை உடல் நிறையில் ஏறத்தாழ 2% ஆகும். ஆனால் உடலின் கொலஸ்திரோலில் ஏறத்தாழ 20% மூளையில் உண்டு. அதில் பெரும்பகுதி, நரம்பு நார்களை மின்கம்பியின் உறைபோல் சூழ்ந்துள்ள மயலின் கவசத்தில் உள்ளது. கணத்தாக்கங்கள் விரைவாகக் கடத்தப்பட இக்கவசம் உதவுகின்றது. குருதியிலுள்ள கொலஸ்திரோல் மூளையினுள் செல்வதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்குகின்றது.

சுயநிர்ப்பீடன நோய்: நிர்ப்பீடனத் தொகுதி தன் உடலின் இழையங்களையே தாக்குதல்.
உ-ம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்

இந்நோயில் மயலின் சிதைகின்றது. சிதைவுகளைத் தின்குழியங்கள் விழுங்குகின்றன. எனினும் அவற்றால் கொலஸ்திரோலை உடைக்க முடியாது, வெளியேற்றவே முடியும். முதிய எலிகளில் அது தேங்கிப் பளிங்குகளாகி, அழற்சியை நீடித்து, கவசம் மீள உருவாவதைத் தடுப்பது 2018இல் கண்டறியப்பட்டது.

மாதிரி வினா: "முட்டையை நிறுத்தினால் இந்நோய் மாறும்." இக்கூற்றை ஏற்பீரா?

விடை: இல்லை. கவசம் சிதைவது நிர்ப்பீடனத் தாக்கத்தினாலாகும். மேலும், குருதிக் கொலஸ்திரோலைக் குறைக்கும் சிம்வாஸ்டற்றின் மருந்து, முற்றிய நிலையில் இந்நோயின் போக்கைத் தாமதப்படுத்தவில்லை எனப் பிரித்தானியப் பரிசோதனையொன்று 2024இல் காட்டியது.

கவனிக்க: நோயாளர் வைத்தியர் தந்த மருந்தைக் கைவிட்டுப் பத்தியத்தை மட்டும் நம்புவது ஆபத்தாகும்.