விழுந்த நொடி ஏன் நீண்டது?

கேள்வி: போன மாதம் பைக்கிலிருந்து விழுந்தேன். கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு யுகமே கழிந்ததுபோல இருந்தது. ஆபத்தில் காலம் மெதுவாகிவிடுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில், எலும்பு எதுவும் முறியவில்லையே? நல்லது.

உங்கள் சந்தேகம் டேவிட் ஈகிள்மேன் என்ற அமெரிக்க மூளை விஞ்ஞானிக்கும் வந்தது. சிறுவயதில் கூரையிலிருந்து விழுந்தவர் அவர். அதனால் மற்றவர்களையும் விழவைத்துப் பார்த்தார்! 31 மீட்டர் உயரத்திலிருந்து, கயிறு எதுவும் இல்லாமல், மல்லாந்தபடி கீழே உள்ள வலையில் போய் விழ வேண்டும். விழுந்து எழுந்தவர்களிடம் எவ்வளவு நேரம் விழுந்தீர்கள் என்று கேட்டார். அடுத்தவர் விழுந்ததற்குச் சொன்ன நேரத்தைவிட, தாங்கள் விழுந்ததற்குச் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள்.

கெட்டிக்காரத்தனம் இனிமேல்தான். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சிறு திரை கட்டியிருந்தார். அதில் எண்கள் கண்ணால் பிரித்துப் படிக்க முடியாத வேகத்தில் மின்னும். உண்மையிலேயே காலம் மெதுவாகியிருந்தால், சினிமா ஸ்லோமோஷன் மாதிரி, விழும்போது அந்த எண்களைப் படித்திருக்கலாம். முடியவில்லை. 2007-ல் வெளியான ஆய்வு இது.

பயத்தில் மூளை வழக்கத்தைவிட நுணுக்கமாக எல்லாவற்றையும் பதிந்துவைக்கிறது என்பது ஈகிள்மேனின் விளக்கம். ஒரு நொடிக்கு இவ்வளவு நினைவுகளா என்று, திரும்பிப் பார்க்கும்போது அந்த நொடி நீண்டுவிடுகிறது. புது ஊரில் கழித்த இரண்டு நாள் பிற்பாடு ஒரு வாரமாகத் தோன்றுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். அதற்கு பைக்கிலிருந்து விழ வேண்டியதில்லை.